புல்லட் மெதுவா போனா போலீசுக்கு என்ன லாபம்?

என் வேலை சவுண்டு எடிட்டிங். கதவு சாத்துறது, செருப்பு தேயுறது, மழை, கூட்டம், கண்ணாடி உடையுறதுன்னு படத்துல நீங்க கேக்குற சத்தம் பாதி ஷூட்டிங்ல ரெகார்டு பண்ணதே கிடையாது, என்ன மாதிரி எவனோ ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து ஒட்டினது. துப்பாக்கியும் அப்படித்தான். வாழ்க்கையில ஒரு தடவ கூட நான் நிஜத் துப்பாக்கிய கையில எடுத்ததில்ல, ஆனா ஹார்ட் டிஸ்க்ல சில ஆயிரம் டுமீல் வச்சிருக்கேன், எது ரிவால்வர் எது ஷாட்கன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிடுவேன்.

போன வருஷம் ஒரு வெப் சீரிஸ் வந்துச்சு. அதுல ஒரு போலீஸ் டீம் ராத்திரி ஒரு வீட்டுக்குள்ள நுழையுது, மாடிப்படியில ரெண்டு ரவுண்டு சுடுறாங்க. நான் நல்லா கனமா, சுவத்துல பட்டு எதிரொலிக்கிற மாதிரி வச்சிருந்தேன். டைரக்டர் பாத்துட்டு, "என்ன பாஸ் இது, இவ்ளோ சத்தம்? இவங்க சப்சானிக் புல்லட் போட்டிருக்காங்கன்னு போன சீன்லயே டயலாக் வருதே. சப்சானிக்னா சத்தம் வராது. தூப்னு ஒண்ணு வைங்க போதும்"னாரு. நான் ஃபிரேம நிறுத்திப் பாத்தேன். பிஸ்டல் மொனையில சைலன்சரே இல்ல. "சார், சைலன்சர் மாட்டலயே"ன்னேன். "அதுக்குத்தானே சப்சானிக்"னாரு. எனக்கு அவர் சொல்றது தப்புன்னு மட்டும் தெரிஞ்சுது, ஏன் தப்புன்னு சொல்லத் தெரியல, சரி சார் பாக்குறேன்னு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச படிப்பு, மூணு வாரம் போயிடுச்சு, அந்த சீன் ஒன்றரை நிமிஷம்.

மொதல்ல சத்தத்துல இருந்தே வரேன், அது எனக்குத் தெரிஞ்ச ஏரியா. துப்பாக்கி சத்தம்னு நாம ஒண்ணா கேக்குறது உண்மையில பல சத்தம் சேர்ந்தது. மருந்து எரிஞ்சு பயங்கர அழுத்தத்துல இருக்குற புகை, புல்லட் குழல விட்டு வெளிய போன அந்த நொடியே பின்னாடியே பிச்சிக்கிட்டு வருது, அதுதான் டுமீல். சில மில்லிசெகண்டுல முடிஞ்சிடும், மிச்சம் நீங்க கேக்குறது சுவரும் தரையும் திருப்பிக் குடுக்குறது. அப்புறம் இரும்பு சத்தம், மேல இருக்குற ஸ்லைடு பின்னாடி போய் முன்னாடி வர்ற சடக் சடக். மூணாவதுதான் விஷயம், புல்லட்டே போடுற சத்தம்.

20 டிகிரி வெயில்ல காத்துல சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகும். புல்லட் அதவிட வேகமா போச்சுன்னா முன்னாடி இருக்குற காத்துக்கு விலக நேரமே கிடைக்காது, படகு வேகமா போறப்ப தண்ணி ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி பிரியுமே அந்த மாதிரி காத்து அழுந்தி ஒரு கூம்பா கிளம்பும், அது நம்ம காதத் தொடும்போது ஒரு வெட்டு மாதிரி கேக்கும். இத கேக்க துப்பாக்கியே வேணாம், சாட்டைய சொடுக்குறப்ப வர்ற சுளீர் இருக்கே, அதுவும் இதேதான், சாட்டை நுனி ஒரு கணம் ஒலியோட வேகத்த தாண்டிடுது. அதனால என் மனசுல நான் இத டுமீல்னும் சுளீர்னும் பிரிச்சு வச்சுக்கிட்டேன். டுமீல் துப்பாக்கி வாய்ல இருந்து வருது, சுளீர் புல்லட் போற வழி பூரா வருது. புல்லட்ட 343க்கு கீழ ஓட்டினா சுளீர் போயிடும். சப்சானிக்ங்கிற வார்த்தைக்கு அவ்ளோதான் அர்த்தம். டுமீல் எங்கயும் போகல, அது அப்படியே இருக்கு.

எவ்ளோ இருக்குன்னா, சாதாரண 9 மி.மீ பிஸ்டல் சுடுறவன் காதுகிட்ட சுமார் 160 டெசிபல். திடீர் சத்தத்துக்கு 140 டெசிபல் தாண்டினாலே காது கெடும்னு கணக்கு வச்சிருக்காங்க. சப்சானிக் தோட்டா போட்டாலும் அந்த 160 பெருசா மாறாது. அதுலயும் பிஸ்டல் சுடுற தூரம் பெரும்பாலும் சில அடிதான், அந்தத் தூரத்துல டுமீலும் சுளீரும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வரும், சுளீர எடுத்துட்டீங்கன்னா கூட யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சுளீருக்கும் டுமீலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய எண்ணி எதிரி எவ்ளோ தூரத்துல இருக்கான்னு பட்டாளத்துக்காரங்க கணக்குப் போடுவாங்க, ஆனா அது நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி இருந்து ரைஃபிள்ல சுடுற கதை.

சைலன்சர் என்ன பண்ணுதுன்னா டுமீல மட்டும் புடிச்சு வைக்குது. ஹைரம் பெர்சி மாக்சிம் 1909 வாக்குல அமெரிக்காவுல இத வித்தாரு, மெஷின் கன் கண்டுபுடிச்ச மாக்சிமோட மகன்தான். உள்ள அறை அறையா தடுத்து புகைய மெதுவா வெளிய விடுறது, அவ்ளோதான் தத்துவம். 9 மி.மீ பிஸ்டல்ல மாட்டினா 160, 130 பக்கம் வரும். டெசிபல் கணக்குல 20 குறைஞ்சா அழுத்தம் பத்துல ஒரு பங்குன்னு அர்த்தம், அதனால 30 குறையுறது ரொம்பப் பெரிய விஷயம், ஆனா 130ங்கிறது தூப் இல்ல, சுத்தியல எடுத்து இரும்புல ஒரு போடு போட்ட மாதிரி. நாங்கதான் படத்துல தூப்னு வச்சு கெடுத்து வச்சிருக்கோம், அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு. சைலன்சரால சுளீர ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அது புல்லட் சைலன்சர விட்டு வெளிய போனதுக்கு அப்புறம் காத்துல நடக்குற சமாச்சாரம். அதனாலதான் சைலன்சருக்கு சப்சானிக் தோட்டா ஜோடியாச்சு. ஒண்ணு டுமீலுக்கு, ஒண்ணு சுளீருக்கு.

இதுவரைக்கும் டைரக்டர் தப்பு, நான் சரி. அப்புறம்தான் எனக்கே இடிச்சுது. அமெரிக்காவுல ரோந்து போற சாதாரண போலீஸ்காரர் இடுப்புல இருக்குற பிஸ்டல்ல சைலன்சர் கிடையாது. ஆனா அவங்கள்ல நிறைய பேர் முப்பது வருஷத்துக்கு மேல போட்டுட்டு இருக்குறது 9 மி.மீ 147 கிரெயின் தோட்டா, அது செகண்டுக்கு சுமார் 300 மீட்டர்தான் போகும், சுத்தமான சப்சானிக். சைலன்சர் இல்லாதப்ப சப்சானிக்கால சத்தம் குறையாதுன்னா இவங்க எதுக்கு மெதுவா போற குண்ட காசு குடுத்து வாங்கினாங்க?

கிரெயின்னா புல்லட்டோட எடை. தானிய மணிய வச்சு எடை போட்ட காலத்து அளவு, குன்றிமணி கணக்கு மாதிரி. ஒரு கிராமுக்கு பதினஞ்சரை கிரெயின் வரும். 9 மி.மீ.ல லேசான குண்டு 115 கிரெயின், ஏழரை கிராம், செகண்டுக்கு 360 மீட்டர் பக்கம் போகும். கனமானது 147 கிரெயின், ஒன்பதரை கிராம். மருந்து அடைச்ச கூடு ஒண்ணுதான், கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், குண்டு கனமா இருந்தா மெதுவாத்தான் போகும், வேற வழியில்ல. அப்ப போலீஸ் வாங்கினது மெதுவையா கனத்தையா? கனத்த. மெதுவு கூடவே வந்துச்சு. இத ஒத்துக்குறதுக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, ஏன்னா பேர்ல சத்தம் இருக்குறதால நானும் சத்தத்துலயே தேடிட்டு இருந்தேன்.

பழைய கதையப் பாத்தா இன்னும் வேடிக்கை. அமெரிக்க போலீஸ் இருபதாம் நூற்றாண்டுல பெரும்பாலும் வச்சிருந்தது .38 ஸ்பெஷல் ரிவால்வர், 158 கிரெயின் ஈயக் குண்டு, ஒலியோட வேகத்துக்கு ரொம்பக் கீழ. .45 ஏசிபின்னு ஒரு பிஸ்டல் தோட்டா இருக்கே, 230 கிரெயின், செகண்டுக்கு சுமார் 260 மீட்டர்தான், அதுவும் சப்சானிக். ஆனா அந்த டப்பா மேல யாரும் சப்சானிக்னு அச்சடிச்சு விக்கல, விக்க வேண்டிய தேவையும் இல்ல. துப்பாக்கி டிசைனர் ஜார்ஜ் லூகர் 1902ல கொண்டுவந்த 9 மி.மீ பொறக்கும்போதே ஒலியத் தாண்டிப் பொறந்துச்சு, அதனால அத மெதுவாக்கினப்ப மட்டும் தனிப் பேர் தேவைப்பட்டுச்சு. இடையில .357 மேக்னம் மாதிரி வேகக்காரங்களும் வந்தாங்கதான், இருந்தாலும் போலீஸ் காலங்காலமா சப்சானிக்தான் சுட்டுட்டு இருந்துச்சு, அதுக்குப் பேரு மட்டும் வைக்கல.

9 மி.மீ.ய மொதல்ல மெதுவாக்கினது போலீஸ் இல்ல, பட்டாளம். வியட்நாம் போர்ல அமெரிக்க கடற்படையோட ஸ்பெஷல் படையான நேவி சீல் ஆளுங்களுக்கு ஸ்மித் அண்ட் வெசன் ஒரு பிஸ்டல் செஞ்சு குடுத்துச்சு, காவல் நாய சத்தமில்லாம முடிக்கிறதுக்கு, அதனால பேரே ஹஷ் பப்பி, சத்தம் போடாத நாய்க்குட்டின்னு. அதுக்குன்னே 158 கிரெயின் குண்டு. அதுல எனக்குப் புடிச்ச விஷயம், ஸ்லைட நகர விடாம பூட்டுற ஒரு வசதி இருந்துச்சு. டுமீலயும் சுளீரயும் அடக்கினதுக்கு அப்புறம் அந்த சடக் சடக் சத்தமே பெருசா தெரிஞ்சதாம், அத நிறுத்த ஒரு பூட்டு. சவுண்டுக்காரன் மாதிரி யோசிச்சிருக்கான் எவனோ ஒரு இன்ஜினியர். ஜெர்மனிக்காரங்க 1974ல எம்பி5எஸ்டின்னு சைலன்சரோடவே வர்ற ஒரு சின்ன மெஷின் கன் கொண்டுவந்தாங்க, அதுல இன்னொரு தந்திரம், குழல்லயே 30 ஓட்டை போட்டு புகைய முன்னாடியே கசிய விட்டுட்டாங்க, சாதாரண வேகத் தோட்டாவ போட்டாலே அது தானா ஒலி வேகத்துக்குக் கீழ இறங்கிடும். அதுல போய் 147 கிரெயின போட்டீங்கன்னா தேவைக்கு மேல மெதுவாயிடும். அப்புறம் வின்செஸ்டர் கம்பெனி சைலன்சர் துப்பாக்கிகளுக்குன்னு 147 கிரெயின் தோட்டா ஒண்ணு செஞ்சுது, தாய் கம்பெனி ஓலின் பேர்ல ஓலின் சூப்பர் மேட்ச். இதுதான் போலீஸ் கைக்கு வந்தது, வந்த வழி வேற.

1986 ஏப்ரல் 11, மியாமிக்கு தெற்க ஒரு குடியிருப்புப் பகுதி. பேங்க் கொள்ளையும் கொலையும் பண்ணிட்டு இருந்த ரெண்டு பேர், வில்லியம் மேட்டிக்ஸ், மைக்கேல் பிளாட். எட்டு எஃப்பிஐ ஏஜென்ட் அவங்க கார இடிச்சு நிறுத்துறாங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 145 ரவுண்டு. ஜெரி டவ், பென் குரோகன்னு ரெண்டு ஏஜென்ட் செத்துட்டாங்க, அஞ்சு பேருக்குக் காயம். இதுல ஆரம்பத்துலயே பிளாட் கார் ஜன்னல் வழியா வெளிய ஏறும்போது டவ் சுட்ட 9 மி.மீ குண்டு, சில்வர்டிப்னு பேர் வச்ச 115 கிரெயின் விரியுற குண்டு, அவன் வலது கையத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போய், நுரையீரலக் கிழிச்சு, இதயத்துக்கு சுமார் ஒரு அங்குலம் முன்னாடி நின்னுடுச்சு. அந்தக் காயத்துல அவன் பிழைச்சிருக்க மாட்டான்னு அப்புறம் சொன்னாங்க. ஆனா உடனே விழல. அதுக்கப்புறம் தான் கையில இருந்த ரைஃபிளால அவன் டவ்வையும் குரோகனையும் கொன்னான். கடைசியில எட்முண்டோ மிரெலஸ்ங்கிற ஏஜென்ட், ஒரு கை ஏற்கனவே சிதைஞ்சு போயிருக்க, மறு கையால ரிவால்வர்ல சுட்டுத்தான் ரெண்டு பேரையும் முடிச்சாரு.

இத மொத தடவ படிச்சப்ப அந்த ஒரு அங்குலத்துலயே என் மனசு நின்னுடுச்சு, எஃப்பிஐக்கும் அப்படித்தான் ஆச்சு. என்னைக் கேட்டா பழிய அந்தக் குண்டு மேல போட்டது கொஞ்சம் அநியாயம். சில்வர்டிப் சீக்கிரமா விரிஞ்சு ஆழமா போகாம நிக்கணும்னுதான் செஞ்சாங்க, அது சொன்ன வேலையத்தான் செஞ்சுது. ரைஃபிள் வச்சிருந்தவனுக்கு எதிரே பெரும்பாலும் பிஸ்டலும் ரிவால்வருமா போய் நின்னதும் ஒரு காரணம்தானே. ஆனா ஒரு நிறுவனத்துக்கு டாக்டிக்ஸ மாத்துறதவிட தோட்டாவ மாத்துறது சுலபம்.

அடுத்த வருஷம், 1987ல, தன்னோட பயிற்சி மையம் இருக்குற குவான்டிகோவுல எஃப்பிஐ நிபுணர்களக் கூப்பிட்டு வச்சுப் பேசுனாங்க. அதுல முக்கியமான ஆளு மார்ட்டின் ஃபேக்லர். ராணுவ சர்ஜன், வியட்நாம்ல குண்டடி பட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ணவரு, அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவுல ராணுவத்துக்கு குண்டுக் காயம் ஆராயுற லேப் நடத்தினாரு. அவர் சொன்னது சுருக்கமா இது: பிஸ்டல் குண்டு ஒருத்தனத் தூக்கி அடிக்காது, அதிர்ச்சியில சாகடிக்காது, அது ஒரு ஓட்டை போடும், அவ்ளோதான், அந்த ஓட்டை முக்கியமான உறுப்ப எட்டுதாங்கிறதுதான் கேள்வி. ரைஃபிள் வேகத்துல உள்ள சதை அப்படியே பலூன் மாதிரி விரிஞ்சு கிழியும், பிஸ்டல் வேகத்துல சதை ரப்பர் மாதிரி விரிஞ்சுட்டு திரும்ப வந்துடும். அதனால வேகத்தக் கூட்டி ஆழத்த விட்டுக்குடுக்குறது வீண் பேரம். அவர் கை காட்டினது 147 கிரெயின் சப்சானிக்.

தூக்கி அடிக்காதுன்னா நம்ப கஷ்டமா இருக்கும், படத்துல ஆளு பத்தடி பறக்குறானே. நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒன்பதரை கிராம் குண்டு செகண்டுக்கு 300 மீட்டர். அதே உந்தம் ஒரு கிரிக்கெட் பந்துக்கு வரணும்னா பந்து மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்துல வந்தா போதும். ஸ்பின்னர் போடுறதே அதவிட வேகமா வரும். ஸ்பின் பந்து நெஞ்சுல பட்டு எவனாவது பறந்து போய் கண்ணாடிய உடைச்சுக்கிட்டு விழுந்து பாத்திருக்கீங்களா.

ஆழத்த அளக்குறதுக்கு எஃப்பிஐ ஒரு சோதனை முறை வச்சுது, இன்னிக்கும் தோட்டா விக்கிற எல்லாரும் அதச் சொல்லித்தான் விக்கிறாங்க. பத்து சதவீத ஜெலட்டின் கட்டி, 4 டிகிரி குளிர்ல, அதுல சுடணும். வெறுங்கட்டியில ஒரு தடவ, அப்புறம் முன்னாடி கனமான துணி, இரும்புத் தகடு, சுவர்ப் பலகை, பிளைவுட், கார் கண்ணாடின்னு ஒவ்வொண்ணா வச்சு. குண்டு குறைஞ்சது 12 அங்குலம் போகணும், 18 அங்குலத்த தாண்டக் கூடாது. மனுஷ நெஞ்சு அவ்ளோ தடிமன் இல்லயேன்னு கேக்கலாம், நானும் கேட்டேன். பதில் பிளாட்டோட கைதான். சுடப்படுறவன் நேரா நெஞ்சக் காட்டிக்கிட்டு நிக்க மாட்டான், பக்கவாட்டுல இருப்பான், கை குறுக்க இருக்கும், கையத் துளைச்சிட்டுப் போயும் குண்டுக்கு இன்னும் தெம்பு இருக்கணும். மேல் வரம்பு எதுக்குன்னா அவனுக்குப் பின்னாடி நிக்கிற யாரோ ஒருத்தருக்காக.

பின்னாடி நிக்கிறவருக்காகத்தான் போலீஸ் நுனியில குழி வச்ச ஹாலோ பாயின்ட் குண்டு போடுறதும். உடம்புக்குள்ள விரியுற குண்ட போர்ல பயன்படுத்தக் கூடாதுன்னு 1899 ஹேக் பிரகடனம் இருக்கு, கல்கத்தாகிட்ட டம்டம் ஆயுத ஆலையில வெள்ளைக்காரன் செஞ்ச குண்டுதான் அந்தச் சண்டைக்கெல்லாம் காரணம், பேரும் டம்டம்னே நின்னுடுச்சு. அது நாடும் நாடும் மோதுற போருக்கு மட்டும், போலீசுக்குப் பொருந்தாது. நியூயார்க் போலீஸ் 9 மி.மீ.க்கு வந்தப்ப விரியாத, முழு உறை போட்ட குண்டுதான் வச்சிருந்துச்சு, ஹாலோ பாயின்டுக்கு மாறினது 1998ல, ஆள ஊடுருவிப் போய் வேற யாரையாவது பட்டுடுதுங்கிறதுதான் சொன்ன காரணம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், இத யோசிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. 343ங்கிறது காத்துல ஒலி போற வேகம். சதையில ஒலி செகண்டுக்கு சுமார் 1540 மீட்டர் போகும், வயித்துக்கு ஸ்கேன் எடுக்குற மெஷின் அந்த எண்ண வச்சுத்தான் தூரத்தக் கணக்குப் பண்ணுது. அதாவது உடம்ப பொறுத்தவரைக்கும் உலகத்துல இருக்குற எல்லா பிஸ்டல் குண்டும் சப்சானிக்தான். குண்டு 340ல வந்தாலும் 350ல வந்தாலும் சதைக்கு நடுவுல எந்தக் கோடும் தெரியாது. காத்துல இருக்குற அந்தக் கோட்டுக்கும் காயத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மெதுவா இருக்குறதால ஆழம் போகுதுன்னு சில பேர் சொல்றதும் முழுசா சரியில்ல. கனமா இருக்குறதால போகுது. 115 கிரெயினுக்கு கிட்டத்தட்ட 480 ஜூல் சக்தி, 147க்கு 430தான், ஆனா உந்தத்துல கனமானதுதான் மேல. லேசானது வேகத்துல வந்து சட்டுனு விரிஞ்சு அங்கயே மூச்சு வாங்கி நிக்கும், கனமானது விரிஞ்சும் தள்ளிக்கிட்டே போகும்.

எல்லாரும் இத ஏத்துக்கிட்டாங்களான்னா இல்ல. இல்லினாய் மாநில போலீஸ் நேர் எதிர்ப் பக்கம், 115 கிரெயின அழுத்தம் கூட்டி செகண்டுக்கு 400 மீட்டர் பக்கம் விரட்டினாங்க. லேசு வேகம் ஒரு கட்சி, கனம் மெதுவு ஒரு கட்சின்னு பல வருஷம் குடுமிப்பிடி சண்டை. கனக் கட்சிக்கு ஆரம்பத்துல அடியும் விழுந்துச்சு, பழைய 147 கிரெயின் குண்டுகள்ல நுனிக் குழியில துணி அடைச்சுக்கிட்டா விரியவே விரியாது, உருண்டைக் குண்டு மாதிரி அந்தப் பக்கம் போயிடும், அப்ப பின்னாடி நிக்கிறவர் கதை என்னாகுறது. அப்புறம்தான் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி வச்சு சுட்டுப் பாக்குறது, உறையையும் ஈயத்தையும் பிரியாம ஒட்டுறதுன்னு தொழில்நுட்பம் வந்து, 300 மீட்டர் வேகத்துலயே ஒழுங்கா பூ மாதிரி விரியுற குண்டு கிடைச்சுது. இன்னிக்கு நல்ல கம்பெனி குண்டுகள்ல ரெண்டு கட்சிக்கும் நடுவுல வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சு போச்சு.

எஃப்பிஐயே 147லயும் நிக்கல. 10 மி.மீ தோட்டாவுக்குப் போனாங்க, முழு சக்தியில அது ரொம்ப உதைக்குதுன்னு 180 கிரெயின் குண்ட செகண்டுக்கு 290 மீட்டருக்குக் குறைச்சுக்கிட்டாங்க. கவனிச்சீங்களா, மறுபடியும் சப்சானிக், சத்தத்தப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல. அந்தக் குறைச்ச மருந்துக்கு அவ்ளோ நீளக் கூடு எதுக்குன்னு வெட்டிச் சின்னதாக்கினதுதான் 1990ல வந்த .40 ஸ்மித் அண்ட் வெசன், அமெரிக்க போலீஸ் பாதி அதுக்குத் தாவுச்சு. 2014ல எஃப்பிஐ திரும்ப 9 மி.மீ.க்கே போறோம்னு விளக்கம் எழுதினாங்க, நவீன குண்டுல காயத்துல வித்தியாசம் தெரியல, 9 மி.மீ.ல ஏஜென்ட்டுங்க வேகமாவும் குறி தவறாமலும் சுடுறாங்கன்னு. அதுக்கப்புறம் வாங்கின லோடு ஸ்பியர் கோல்டு டாட் ஜி2, 147 கிரெயின். சுத்திச் சுத்தி அங்கயே வந்து நின்னாங்க.

சத்தத்துக்காகவே சப்சானிக் போடுற போலீசும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஸ்வாட் மாதிரி ஸ்பெஷல் டீம் சைலன்சர் மாட்டின துப்பாக்கியில போடுவாங்க, தெருவிளக்க அணைக்க, காவல் நாயச் சமாளிக்க. அங்கயும் எதிரிக்குத் தெரியாம சுடுறதுதான் ஒரே காரணம்னு நினைச்சா தப்பு. மூடின ரூமுக்குள்ள 160 டெசிபல் ரெண்டு தடவ வந்தா நம்ம ஆளு கத்துறதே நமக்குக் கேக்காது, கை தூக்குன்னு சொல்றது அவனுக்கும் கேக்காது. போதை மருந்து காய்ச்சுற இடத்துல காத்துல கரைப்பான் ஆவி நிறைஞ்சிருக்கும், அங்க துப்பாக்கி வாய்ல வர்ற நெருப்பு எமன், சைலன்சர் அந்த நெருப்பயும் அடக்குது. இதுல பாதிக்கு சைலன்சர்தான் வேலை செய்யுது, தோட்டா கூட இருக்குறது சுளீருக்காக மட்டும்.

அப்புறம் சப்சானிக்ங்கிறது தோட்டாவோட குணம்னு நினைச்சேன், அதுவும் முழுசா இல்ல. டப்பாவுல ஒலியத் தாண்டும்னு போட்டிருக்குற 124 கிரெயின் தோட்டாவ மூணு அங்குலக் குழல் வச்ச குட்டிப் பிஸ்டல்ல சுட்டா ஒலிக்குக் கீழயே நின்னுடலாம், மருந்து தள்ளுறதுக்கு நீளம் பத்தல. குளிரும் சேட்டை பண்ணும். செகண்டுக்கு 325 மீட்டர் போற குண்டு 20 டிகிரியில சுளீர் இல்லாம போகும், மைனஸ் 20 டிகிரியில ஒலியோட வேகமே 319தான், அதே குண்டு சுளீர்னு அடிக்கும். மலை மேல காத்து மெலிசா இருக்குறதால ஒலி வேகம் குறையுதுன்னு சொல்லுவாங்க, மெலிசு காரணமில்ல, குளிர்தான் காரணம். 147 கிரெயின 300 பக்கத்துலயே வச்சிருக்குறதால அந்த மைனஸ் 20 டிகிரி குளிர்லயும் கோட்டத் தொடாம தப்பிச்சிடுது.

டைரக்டர்கிட்ட இதெல்லாம் போய் சொன்னேனா? சொன்னேன், கால் மணி நேரம். கிரிக்கெட் பந்து கணக்கு வரைக்கும் கேட்டாரு, மியாமி கதைக்கு போன கீழ வச்சாரு. கடைசியில, "சரி பாஸ், அப்ப என்ன சத்தம்தான் வரும்?"னாரு. மாடிப்படி சீன திரும்பப் போட்டேன். ரெண்டு டுமீலும் முன்ன விட சத்தமா, ஆனா சின்னதா, சட்டுனு வெட்டின மாதிரி. உடனே மத்த எல்லா சத்தத்தையும் கீழ இறக்கிட்டேன், போலீஸ்காரர் வாயசைச்சு கத்துறது கேக்காது, காதுக்குள்ள கொய்ய்னு ஒரு ஊசி மட்டும். நாலு செகண்டு அப்படியே. அது அடங்க அடங்க காலிக்கூடு படியில உருண்டு இறங்குறது, ஒவ்வொரு படியிலயும் ஒரு கிணுங்.

"ஏசி ரூம்ல ஹெட்போன் போட்டு பாக்குறவனுக்கு காது வலிக்குமே"ன்னாரு. ரெண்டு டெசிபல் குறைச்சேன். தூப் கேக்கல அவர்.